‘கலைநயத்துடன்’, ‘கலைநயமாக’, ‘கலைரீதியாக’: எதை எங்கே எழுதுவது?

நிலைக்கதவு கேட்டது:

கைவினைப் பொருள் கண்காட்சி ஒன்றுக்கு விளக்க அட்டைகள் தயாராகின்றன. பொருளுக்கு மூன்று நான்கு வரி. பத்தமடைப் பாய், சுவாமிமலை வார்ப்புச் சிலை, தஞ்சாவூர் ஓவியம், செட்டிநாட்டு நிலைக்கதவு, மரத்தூண்கள் எல்லாம் இருக்கின்றன. மெய்ப்புப் பார்த்தவர் கீழே உள்ள வரிகளில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். காரணம் எழுதவில்லை.

1. இக்கதவு மிகவும் கலைநயத்துடன் கூடிய வேலைப்பாடு கொண்டது.
2. கலைநயமிக்கச் சிலை.
3. பாய் கலைரீதியாக நெய்யப்பட்டுள்ளது.
4. ஓவியம் அழகாக மற்றும் நேர்த்தியாக தீட்டப்பட்டுள்ளது.
5. தூண்கள் கலைநயத்துடன் நிற்கின்றன.
6. சிற்பி உயிருடன் வடித்த நடராசர்.

ஒவ்வொன்றிலும் என்ன பிழை? ‘கலைநயமாக’ என்று எழுதலாமா, ‘கலைநயத்துடன்’ மட்டும்தான் சரியா? ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதையும் யாராவது தெளிவாகச் சொல்ல முடியுமா?

---

மெய்ப்புமேசை எழுதியது:

ஆறு வட்டமும் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கின்றன. காரணங்கள் வேறுவேறு. ஒற்றுப் பிழைகளை முதலில் பார்ப்போம்.

‘கலைநயம்’ பெயர்ச்சொல். ‘ஆக’ சேர்த்தால் ‘கலைநயமாக’. ‘உடன்’ அல்லது ‘ஓடு’ சேர்த்தால் இடையில் அத்துச் சாரியை வந்து ‘கலைநயத்துடன்’, ‘கலைநயத்தோடு’. இவை வினைக்கு முன்னால் நிற்கும். பெயருக்கு முன்னால் நிற்க ‘கலைநயமான’, ‘கலைநயமிக்க’, ‘கலைநயம் வாய்ந்த’ என்று வேண்டும். பழைய இலக்கணம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகத்தான் வைத்தது. வினையடை அதில் தனி வகை இல்லை. ‘ஆக’ என்பது ‘ஆகு’ என்ற வினையின் எச்சம், ‘ஆய்’ என்பதும் எச்சம், ‘ஆன’ பெயரெச்சம், ‘உடன்’ மூன்றாம் வேற்றுமையில் உடனிகழ்ச்சிப் பொருள் தரும் சொல்லுருபு. இந்தப் பிறப்பு தெரிந்தால் ஒற்றைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம்.

‘ஆக’, ‘ஆய்’ இரண்டுக்கும் பின்னால் க, ச, த, ப வரிசை வந்தால் ஒற்று மிகும்: கலைநயமாகச் செதுக்கினார், நேர்த்தியாகத் தீட்டினார், அழகாய்ப் பின்னினார். வேறு எழுத்து வந்தால் மாற்றமில்லை: அழகாக நெய்தார், அழகாக வரைந்தார். உங்கள் நான்காம் வரியில் ‘நேர்த்தியாக தீட்டப்பட்டுள்ளது’ என்பது ‘நேர்த்தியாகத் தீட்டப்பட்டுள்ளது’ என்று இருக்க வேண்டும்.

‘உடன்’, ‘ஓடு’ பின்னால் மிகாது: கலைநயத்துடன் செதுக்கினார், நயத்தோடு பின்னினார்.

பெயரெச்சத்துக்குப் பின்னால் மிகாது: கலைநயமான கதவு, கலைநயம் வாய்ந்த தூண், கலைநயமிக்க சிலை. இரண்டாம் வரியின் பிழை இதுதான். ‘மிகச் சிறந்த’, ‘மிகப் பெரிய’ என்று ‘மிக’வுக்குப் பின்னால் ஒற்று எழுதிப் பழகிய கை, ‘மிக்க’வுக்குப் பின்னாலும் ஒற்றைப் போட்டுவிடுகிறது. ‘மிக’ வேறு, ‘மிக்க’ வேறு. ‘அழகானச் சிலை’, ‘நேர்த்தியானக் கதவு’ என்று விளம்பரப் பலகைகளில் பார்ப்பதும் இதே பிழை.

இன்னும் இரண்டு இடம். ‘இன்றி’க்குப் பின்னால் மிகும், ‘இல்லாமல்’ பின்னால் மிகாது: நயமின்றிச் செதுக்கிய தூண், நயம் இல்லாமல் செதுக்கிய தூண். ‘ஆக’வோடு ஏகாரமோ உம்மையோ சேர்ந்துவிட்டால் ஒற்று தேவையில்லை: அழகாகவே பாடினார், அழகாகவும் தீட்டினார்.

நான்காம் வரியின் ‘மற்றும்’ தனிப் பிழை. இரண்டு வினையடைகளை உம்மை கொடுத்துத்தான் இணைக்க வேண்டும்: ‘அழகாகவும் நேர்த்தியாகவும் தீட்டப்பட்டுள்ளது’. இரண்டில் ஒன்று ‘ஆக’, மற்றொன்று ‘உடன்’ என்றாலும் பரவாயில்லை. ‘நுட்பமாகவும் கலைநயத்துடனும்’ சரியான தமிழ். ஆனால் உம்மை இரண்டிலும் வர வேண்டும். ‘அழகாக, நேர்த்தியாகவும்’ என்று ஒன்றில் மட்டும் போட்டால் வாக்கியம் நொண்டும்.

---

சொல்லடுக்கு எழுதியது:

‘கலைநயமாக’ எழுதலாம், இலக்கணம் தடுக்கவில்லை. ஆனாலும் பெரும்பாலும் ‘கலைநயத்துடன்’ கைக்கு வருவதற்குக் காரணம் உண்டு.

‘ஆக’ சேர்ந்த சொல் முழுமையாக வினையடை ஆகிவிடுகிறது. அதைக் கூட்டிச் சொல்ல வேண்டுமானால் முன்னால் இன்னொரு வினையடைதான் வரலாம்: மிக அழகாக, மிகவும் நேர்த்தியாக, இன்னும் நுட்பமாக. ‘உடன்’ சேர்ந்த சொல்லிலோ பெயர் உள்ளே உயிரோடு இருக்கிறது. அதனால் முன்னால் பெயரடை வரலாம்: மிகுந்த கலைநயத்துடன், தேர்ந்த கலைநயத்துடன், தனக்கே உரிய நயத்துடன். ‘மிகுந்த அழகாக’ என்று யாரும் எழுத மாட்டோம். அதே கணக்கில் ‘மிகவும் கலைநயத்துடன்’ என்பதும் இடறுகிறது. புழக்கத்தில் இருக்கிறது, ஆனாலும் அச்சில் ‘மிகுந்த கலைநயத்துடன்’ என்று திருத்துவதே நல்லது. முதல் வரியில் வட்டம் விழ இது ஒரு காரணம். இன்னொன்று ‘கூடிய’. ‘கலைநயத்துடன் கூடிய வேலைப்பாடு கொண்ட’ என்பதில் ஒரே செய்தியை மூன்று சொல் சுமக்கிறது. ‘மிகுந்த கலைநயத்துடன் செதுக்கிய கதவு’ போதும். பெயருக்கு அடைதான் வேண்டும் என்றால் ‘கலைநயமிக்க கதவு’.

எந்தப் பெயர் எதை ஏற்கும் என்பதற்கு ஒரு வழி. பொருளின் மேல் தெரியும் குணமானால் ‘ஆக’ இயல்பு: அழகாக, நேர்த்தியாக, நளினமாக, வழவழப்பாக. செய்பவர் மனத்தில் இருப்பதானால் ‘உடன்’ இயல்பு: ஈடுபாட்டுடன், ரசனையுடன், பக்தியுடன். ‘ஈடுபாடாக வரைந்தார்’ என்று சொல்லிப் பாருங்கள், காது ஏற்காது. பொறுமை, கவனம், நுட்பம் போன்றவை இரண்டையும் ஏற்கும். பொருளில் பெரிய வேறுபாடு இல்லை.

சில சொற்களில் மட்டும் உருபு மாறினால் பொருளே மாறிவிடும். இவற்றில் கவனமாக இருக்க வேண்டும்.

‘கற்பனையுடன் வரைந்தார்’ என்றால் கற்பனை வளம் இருக்கிறது. ‘கற்பனையாக வரைந்தார்’ என்றால் இல்லாத ஒன்றை வரைந்தார். வரலாற்று ஓவியம் பற்றிய அட்டையில் இரண்டாவதை எழுதினால் ஓவியரைக் குறை சொன்னதாகிவிடும்.

‘அழுத்தமாகக் கோடு இழுத்தார்’ கையின் உறுதி. ‘அழுத்தத்துடன் கோடு இழுத்தார்’ என்பதை இன்றைய வாசகர் மன அழுத்தம் என்று படிக்கவும் வாய்ப்புண்டு.

‘உயிரோட்டத்துடன் வடித்தார்’ நல்ல வரி. ‘உயிருடன் வடித்த நடராசர்’ என்றால் சிற்பி உயிரோடு இருந்தபோது என்றுதான் முதலில் தோன்றும். ஆறாம் வரிக்கு விடை இது. ‘உயிரோட்டமாக’, ‘உயிர்த்துடிப்புடன்’ இரண்டும் சரி.

‘கலைரீதியாக’ இந்த வரிசையிலேயே வராது. ‘ரீதியாக’ சேர்ந்தால் ‘அந்தக் கோணத்தில் பார்த்தால்’ என்று பொருள். ‘படம் வணிகரீதியாகத் தோற்றது, கலைரீதியாக வென்றது’ என்பது அதன் சரியான இடம். அது மதிப்பீட்டின் கோணத்தைச் சொல்கிறது, செய்த விதத்தைச் சொல்வதில்லை. பாயைக் கலைரீதியாக நெய்ய முடியாது; கலைநயத்துடன் நெய்யலாம். சோதிக்க எளிய வழி: அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘எப்படி?’ என்று வினையைக் கேளுங்கள். எப்படி நெய்தார்? கலைநயத்துடன். எப்படி வென்றது என்று கேட்டால் ‘கலைரீதியாக’ என்ற பதில் பொருந்தாது. எந்த வகையில் வென்றது என்றுதான் கேட்கத் தோன்றும்.

விமரிசனக் கட்டுரைகளில் வரும் ‘கலாபூர்வமாக’ செய்த விதத்தைத்தான் சொல்கிறது, பிழையில்லை. பொதுமக்கள் நின்று படிக்கும் அட்டைக்கு அது கனம்.

---

சுருதிப்பெட்டி எழுதியது:

சொல்லடுக்கு சொன்ன ‘உருபு மாறினால் பொருள் மாறும்’ பட்டியலில் கச்சேரி விமரிசனத்திலிருந்து இரண்டைச் சேர்க்க வேண்டும். இவை அச்சில் அடிக்கடி தப்பாக வருகின்றன.

முதலாவது ‘பாவம்’. உணர்ச்சி வெளிப்பாட்டைக் குறிக்கும் பாவமும், ‘ஐயோ பாவம்’ என்னும் பாவமும் தமிழ் எழுத்தில் ஒன்றுதான். ‘பாவமாகப் பாடினார்’ என்று எழுதினால் பாடகரைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது என்று ஆகும். ‘பாவத்துடன் பாடினார்’ கொஞ்சம் பரவாயில்லை. ‘ராக பாவத்துடன் பாடினார்’, ‘பாவம் ததும்பப் பாடினார்’ என்று எழுதினால் குழப்பமே இல்லை. ‘உருக்கமாக’ என்று எழுதிவிடலாம், ஆனால் அது சோகம், பக்தி போன்ற உணர்ச்சிகளுக்கு மட்டும் பொருந்தும். விறுவிறுப்பான உருப்படிக்குப் போடக் கூடாது.

இரண்டாவது ‘சுத்தமாக’. ‘சுருதி சுத்தமாகப் பாடினார்’ பாராட்டு. எதிர்மறை வினையோடு வந்தால் ‘சுத்தமாக’வுக்கு ‘கொஞ்சம்கூட’ என்று பொருள்: ‘சுத்தமாகச் சுருதி சேரவில்லை’. ஆகவே ‘மேல் ஸ்தாயியில் சுத்தமாகப் பாடவில்லை’ என்ற வரி இரண்டு விதமாகப் படிக்கப்படும்: பாடியது சுத்தமாக இல்லை; அல்லது மேல் ஸ்தாயிப் பக்கமே போகவில்லை. ‘மேல் ஸ்தாயியில் சுருதி விலகியது’ என்று வினையை மாற்றினால் தீர்ந்தது.

‘என்று’, ‘என’ சேர்ந்த ஒலிக்குறிப்பு அடைகளிலும் ஒற்று வேறுபடும்: கணீரென்று பாடினார் (மிகாது), கணீரெனப் பாடினார் (மிகும்).

---

நிலைக்கதவு எழுதியது:

மிகவும் பயனாக இருந்தது. ஐந்தாம் வரிக்கு மட்டும் விடை வரவில்லை: ‘தூண்கள் கலைநயத்துடன் நிற்கின்றன’. இதற்கிடையில் சில வரிகளை மாற்றி எழுதியிருக்கிறேன். இவை தேறுமா?

அ. கலைநயத்துடன் ஸ்தபதி வார்த்த சிலையை மாலை சூட்டி அலங்கரித்துள்ளனர்.
ஆ. மகளுடன் கலைநயத்துடன் நெய்த பாய்.
இ. சுவாமிமலை ஸ்தபதி மிகுந்த கலைநயத்துடன் செதுக்கிய பஞ்சலோகச் சிலை.
ஈ. தத்ரூபமாகவும் கலைநயத்துடனும் தீட்டிய தஞ்சாவூர் ஓவியம்.

இன்னொரு கேள்வி. பாய் நெய்பவர் பேசியதை மேற்கோளாகப் போட வேண்டும்: ‘அழகா பின்னணும்’. பேச்சுத் தமிழில் ஒற்று வேண்டுமா?

---

மெய்ப்புமேசை எழுதியது:

ஐந்தாம் வரி: கலைநயம் ஒருவர் வேண்டுமென்று செயலில் காட்டுவது. தூணுக்கு அது இல்லை. ‘தூண்கள் அழகாக நிற்கின்றன’ சரி, ஏனென்றால் அழகு தோற்றம். ‘தூண்கள் கலைநயத்துடன் நிற்கின்றன’ என்றால் தூண்களே நயம் பார்த்து நிற்பது போலாகும். ‘பூக்கள் கலைநயத்துடன் பூத்திருந்தன’ என்பதும் இதே காரணத்தால் ஒட்டாது. ‘கலைநயத்துடன்’ எழுதினால் அந்த வினையைச் செய்த ஒரு ஆள் வாக்கியத்திலோ அதன் பின்னாலோ இருக்க வேண்டும். ‘கலைநயத்துடன் செதுக்கப்பட்ட தூண்கள்’ என்பதில் செதுக்கியவர் பெயர் இல்லாவிட்டாலும் ஆள் உண்டு, அதனால் சரி. ‘கலைநயத்துடன் காணப்படுகிறது’, ‘கலைநயத்துடன் திகழ்கிறது’ போன்றவற்றையும் இந்தக் கணக்கில் தள்ளிவிடுங்கள்.

அ: இடம் தவறு. நீங்கள் சொல்ல வந்தது வார்த்த விதமா, அலங்கரித்த விதமா? தொடக்கத்தில் நிற்கும் அடை இரண்டு வினைக்கும் போகும். எதற்கு உரியதோ அந்த வினையை ஒட்டி வையுங்கள். ‘ஸ்தபதி கலைநயத்துடன் வார்த்த சிலையை...’ அல்லது ‘ஸ்தபதி வார்த்த சிலையைக் கலைநயத்துடன் அலங்கரித்துள்ளனர்’. காற்புள்ளி போட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். அட்டையைத் தள்ளி நின்று படிப்பவர் காற்புள்ளியைக் கவனிக்க மாட்டார்.

ஆ: ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘உடன்’. ஒன்று ஆளோடு சேர்ந்து, மற்றொன்று விதம். மூன்றாம் வேற்றுமை இரண்டுக்கும் இடம் கொடுப்பதால் இலக்கணப் பிழை இல்லை, படிக்கத்தான் தட்டுகிறது. நெய்தவர் யார் என்பதும் இல்லை. ‘தாயும் மகளும் சேர்ந்து கலைநயத்துடன் நெய்த பாய்’. ‘கலைநயமாக’ கைகொடுக்கும் இடமும் இதுதான்: ‘மகளுடன் சேர்ந்து கலைநயமாக நெய்த பாய்’.

பேச்சு மேற்கோள்: ‘அழகாப் பின்னணும்’ என்று ஒற்றோடு எழுதுங்கள். பேசும்போது அந்த ‘ப்’ காதில் விழுகிறது. ஒற்று இல்லாமல் ‘அழகா’ என்று விட்டால் கேள்வி போலவும் தெரியும். கதை எழுதுபவர்களில் சிலர் பேச்சில் ஒற்றே போடுவதில்லை. அது அவர்கள் முடிவு. எதைச் செய்தாலும் எல்லா அட்டையிலும் ஒன்றுபோலச் செய்யுங்கள்.

---

மெழுகுஉரு எழுதியது:

இ, ஈ இரண்டிலும் ‘கலைநயத்துடன்’ சரி, அது போய்ச் சேரும் வினைதான் சரியில்லை. இதை இலக்கணத்தை விடப் பெரிய விஷயமாக நினைக்கிறேன், ஏனென்றால் பொருளைச் செய்தவரும் அந்த அட்டையைப் படிப்பார்.

சுவாமிமலைச் சிலை செதுக்குவது அல்ல, வார்ப்பது. மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஒரு அச்சில் ஒரு சிலைதான். உளி அதற்குப் பிறகுதான் வருகிறது, நகைகள், ஆடை மடிப்பு, முகம் என்று நுண்வேலைகளுக்கு. ஆகவே ‘மிகுந்த கலைநயத்துடன் வார்த்த சிலை’. உளி வேலையைச் சொல்ல விரும்பினால் ‘வார்த்த பின் ஆடை மடிப்புகளை உளியால் நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்’.

வினையைச் சரியாகப் போட்டால் அடையின் சுமை பாதி குறைந்துவிடும். கல்லைச் செதுக்குவார்கள். மரத்தூணைக் கடைவார்கள், பலகையை இழைப்பார்கள், கதவில் செதுக்குவார்கள். கோரையை ஊறவைத்து நுண்ணிய இழைகளாகக் கீறி, பாவு நூலுக்கு நடுவே ஊடையாகக் கொடுத்து நெய்வார்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் துணி ஒட்டிய பலகைமேல் சுண்ணப்பொடியும் பசையும் சேர்த்து நகைகளையும் தூண்களையும் மேடாக எழுப்புவார்கள், கற்களைப் பதிப்பார்கள், தங்க ரேக்கை ஒட்டுவார்கள், பிறகு வண்ணம் தீட்டுவார்கள். ‘கலைநயத்துடன் தீட்டிய’ என்று மட்டும் எழுதினால் அந்த ஓவியத்தைத் தஞ்சாவூர் ஓவியமாக்கும் வேலை எல்லாம் விடுபட்டுப் போகிறது.

‘தத்ரூபமாக’ அதற்குப் பொருந்தாது. தத்ரூபம் என்றால் நேரில் பார்ப்பது போல. தஞ்சாவூர் பாணியில் உருண்ட முகமும் பெரிய கண்களும் மரபு. ஆளை அப்படியே காட்டுவது அதன் நோக்கம் அல்ல. ‘செழுமையாக’, ‘பொலிவாக’ என்று எழுதலாம்.

தமிழுக்குச் சொந்தமான இன்னொரு வழி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை: வினையெச்சத்தை அடுக்குவது. ‘பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கதவு’, ‘இழைத்து இழைத்துச் செய்த வேலை’. ‘கலைநயத்துடன்’ என்பது முடிந்த பொருளைப் பார்த்துச் சொல்வது. ‘பார்த்துப் பார்த்து’ என்றால் கை வேலை செய்வதே தெரிகிறது. ஒற்று இரண்டு இடத்திலும் மிகும்.

ஒரு கண்காட்சியில் ‘கலைநயத்துடன்’ இரண்டு மூன்று அட்டைக்கு மேல் வந்தால் படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் முன்மண்டபத்தை ‘கலைநயத்துடன் செதுக்கப்பட்டுள்ளது’ என்று எத்தனையோ குறிப்புகள் சொல்கின்றன. ‘மண்டபத்தின் பக்கச் சுவரில் கல் சக்கரமும் இழுத்துச் செல்லும் குதிரைகளும், மண்டபமே தேராக நிற்கிறது’ என்றால் பார்வையாளர் சக்கரத்தைத் தேடிப் போவார். ‘தேராக’ என்பதிலும் ‘ஆக’தான் இருக்கிறது, ஆனால் அது விதம் அல்ல, உருவம்.

---

நிலைக்கதவு எழுதியது:

மூன்று அட்டைகளைத் திருத்தியிருக்கிறேன்:

‘பர்மாத் தேக்கில் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய நிலைக்கதவு. மேல் நிலையில் கஜலட்சுமி; இரு பக்கமும் கொடிகள் ஒன்றோடொன்று பின்னி ஏறுகின்றன.’

‘சுவாமிமலை ஸ்தபதி மிகுந்த கலைநயத்துடன் வார்த்த நடராசர். ஆடை மடிப்புகளும் விரிசடையும் பிறகு உளியால் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டவை.’

‘தங்க ரேக்கு ஒட்டி, கற்கள் பதித்து, பொலிவாகவும் நேர்த்தியாகத் தீட்டிய தஞ்சாவூர் ஓவியம்.’

---

மெய்ப்புமேசை எழுதியது:

முதல் இரண்டும் அச்சுக்குப் போகலாம். மூன்றாவதில் ‘நேர்த்தியாகவும்’ என்று உம்மை வேண்டும். அது வந்ததும் ‘த்’ போய்விடும்: ‘பொலிவாகவும் நேர்த்தியாகவும் தீட்டிய’.